இத்தாலி பாயின் தங்கைக்கு

ஆம்பூர்
13.3.2005, ஞாயிறு

அன்புள்ள வஹீதா,

இதை ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் புகுந்த வீட்டு ஃபோன் ஹாலில் இருக்கிறது. நாம் பேசி முடிப்பதற்குள் நான்கு பேர் நடுவில் வந்து யார் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். மின்னஞ்சலில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் நான் எழுதியதை எனக்கே படிக்க வரவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்று நீ வருத்தப்பட்டாயே, அது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பார். இனி கடிதம் தான்.

செய்தி இது: நான் இத்தாலி மொழி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எங்கள் ஷூ கம்பெனிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரெனாத்தோ என்று ஒரு இத்தாலிக்காரர் வருவார், உனக்குத் தெரியும். சரக்கு வாங்குகிற கம்பெனியின் டெக்னீஷியன், ஆங்கிலம் வராது. உன் அண்ணன் பக்கத்தில் நின்று அவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வார். போன மாதம் ரெனாத்தோ என் செக்கிங் மேஜையிலிருந்து ஒரு ஷூவை எடுத்தார். குதிகால் பக்கம் தையலைக் கட்டைவிரலால் அழுத்தினார். என்னைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசினார். அழுத்தினார், பேசினார், மறுபடி அழுத்தினார். நான் உன் அண்ணனைப் பார்த்தேன்.

"நல்லா பாத்து செக் பண்ணணுமாம்" என்றார்.

"அவ்ளோதானாண்ணா?"

"அவ்ளோதான்."

இரண்டு நிமிடப் பேச்சில் மீதி எங்கே போயிற்று? ஏழு வருஷமாக ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். என் மேஜையில் நின்று ஒருவர் என்னிடம் சொன்னது எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு தான் காரணம்.

பஜாருக்குப் பின்னால் பில்கிஸ் அக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். நான்கு கம்ப்யூட்டர். அக்காவே உட்கார்ந்திருப்பதால் வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை. ஏதோ வெளிநாட்டு வானொலிக்காரர்கள் இத்தாலி மொழிப் பாடங்களை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பாடம் இறங்குவதற்கு இருபது நிமிடம் ஆகிறது. இறங்குவதற்குள் முந்தின பாடத்தை நோட்டில் எழுதி முடித்துவிடுகிறேன். ஹெட்போனில் ஒரு காது தான் வேலை செய்கிறது. முதல் பாடத்தில் ஒரு அம்மா ரயில் எந்த பிளாட்பாரம் என்று கேட்கிறார். நானும் சத்தமாகக் கேட்டேன். பில்கிஸ் அக்கா எழுந்து வந்து, "இன்னாடி ஜெனி, யாரைத் திட்டிக்கினு இருக்கே?" என்றார்.

தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம். எனக்கு வரும். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தே உன்னிடம் உருது கற்றுக்கொண்டவள் தானே.

அன்புடன்
ஜெனிஃபா


பெங்களூர்
3.4.2005

அன்புள்ள ஜெனிஃபா,

சிரித்தேன். இவர் என்ன என்று கேட்டார். ஊரில் என் சிநேகிதி ஒருத்திக்கு மூளை குழம்பிவிட்டது என்றேன். கடிதத்தை வாங்கிப் பார்த்து, எழுத்தெல்லாம் ஜிலேபி போல் இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ சொன்ன வசதி சரி தான்.

இங்கே நானும் ஒரு மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். காய்கறிக்காரியிடம் கன்னடத்தில் பேசினேன். அவள் சிரித்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னாள். வீட்டில் உருது போதும். ஆனால் இவர்கள் உருது வேறு, நம் ஆம்பூர் உருது வேறு. நான் வாயைத் திறந்தால் நாத்தனார்கள் உதட்டைக் கடித்துக்கொள்கிறார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் மாமனார் மட்டும் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "எங்கள் மருமகள். இவள் அண்ணன் இத்தாலியில் மூன்று வருஷம் இருந்தவர், அந்தக் கம்பெனிகளோடு நேராகப் பேசுகிறவர்" என்கிறார். இவர்கள் தோல் பை கடை வைத்திருப்பவர்கள் அல்லவா, இத்தாலி என்றால் அவர்களுக்கு ஹஜ்ஜுக்கு அடுத்தபடி.

என் பாய்ஜான் சுருக்கமாகச் சொன்னால் விஷயம் சுருக்கமானதாகத் தான் இருந்திருக்கும். அந்த வெள்ளைக்காரர் கையை ஆட்டி நீட்டிப் பேசுகிற ஆள்.

படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். பாய்ஜான் எதிரில் அந்த மொழியைப் பேசாதே. ஏன் என்று கேட்காதே.

உன்
வஹீதா


ஆம்பூர்
22.5.2005

அன்புள்ள வஹீதா,

ஏன் என்று கேட்கவில்லை.

பாடங்கள் பாதி முடிந்தன. ஆனால் அவை ஓட்டலில் காபி வாங்கவும் வழி கேட்கவும் தான் சொல்லித் தருகின்றன. ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலவசமாக மொழிபெயர்த்துத் தரும் தளம் ஒன்று இருக்கிறது, அதில் அடித்துப் பார்த்தேன். 'லாஸ்ட்' என்றால் எங்களுக்கு ஷூவை இழுத்து மாட்டும் கால் அச்சு. அது 'கடைசி' என்றது. ஷூவின் அடிப்பாகத்துக்கு 'சோல்' என்று அடித்தேன், ஏதோ ஒரு மீன் பெயரைக் கொடுத்தது. மீனுக்கு ஹீல்ஸ் ஒட்டச் சொல்லி ரெனாத்தோவிடம் கேட்டால் எப்படி இருக்கும்.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. மொழி கற்பவர்கள் ஒருவரோடொருவர் கடிதம் எழுதிக்கொள்ள ஒரு தளம் இருக்கிறது. அதுவும் இலவசம். "ஷூ தயாரிக்கும் ஊரைச் சேர்ந்தவர் யாராவது" என்று எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள் சில்வானா என்று ஒரு அம்மா பதில் போட்டார். ஐம்பத்தெட்டு வயது. கடலோரம் ஏதோ ஒரு ஊரில் வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்கிறார். மகன் லண்டனில் ஒரு ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டிக்கொண்டானாம், பேரப்பிள்ளைகளோடு பேச ஆங்கிலம் வேண்டுமாம். நான் இத்தாலி மொழியில் எழுதுகிறேன், அவர் திருத்துகிறார். அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், நான் திருத்துகிறேன். என் ஆங்கிலத்தை நம்பியும் உலகத்தில் ஒருவர் இருக்கிறார் பார்.

தோல் மேல்பாகம் தொமாயா, உள் துணி ஃபோதெரா, பசை கோல்லா. ஒரு தடவை நல்ல தோலுக்கு நல்ல 'ஃபியோரே' இருக்க வேண்டும் என்று எழுதினார். அகராதியில் ஃபியோரே என்றால் பூ. தோலில் பூ வேலைப்பாடா என்று கேட்டேன். சிரித்து ஒரு பக்கம் எழுதி, படமும் அனுப்பினார். தோலின் மேல்படலம், நாம் கிரெய்ன் என்கிறோமே, அதை அவர்கள் பூ என்கிறார்கள். எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள்.

டீ நேரத்தில் உன் அண்ணனிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அந்த மொழியில் பேசவில்லை, தமிழில் தான் கேட்டேன். "ஃபோதெரான்னா இன்னாண்ணா?" என்றேன். "அது ஒரு ஊர் பேரு" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜெனிஃபா


பெங்களூர்
9.6.2005

ஜெனிஃபா,

பாய்ஜான் ஃபோன் செய்தார். நீ அவரைப் பத்துப் பேர் நடுவில் பரீட்சை வைத்தாயாம். சந்தேகம் என்று நீ எழுதியிருக்கிறாய். ஏழாம் வகுப்பிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். விடை தெரியாத கேள்வியை நீ யாரிடமும் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு அந்த வீட்டை நிமிர்த்தியது அவர் தான். உனக்கு இது விளையாட்டு. ஒரு வேண்டுகோள் வைத்தேன், அதையும் வக்கீல் மாதிரி ஓட்டை பார்த்து மீறினாய்.

இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

வஹீதா


ஆம்பூர்
5.8.2005, வெள்ளி

வஹீதா,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இன்று எழுதியாக வேண்டும். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

குளிர்கால பூட்ஸ் ஆர்டர் ஒன்று போகிறது. நேற்று ரெனாத்தோ வந்து பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்து ஜோடி பார்ப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. விரல் மடங்கும் இடத்தில் பூட்ஸை அழுத்திக் காட்டி, "இல் ஃபியோரே எ ஸ்தக்காத்தோ" என்றார். மூன்று தடவை சொன்னார்.

மேனேஜர் நிசார் அஹமது, "இன்னா சொல்றார்?" என்று உன் அண்ணனைக் கேட்டார்.

"பிரிஞ்சு போச்சுன்றார் சார். ஒட்டலை."

ஸ்தக்காத்தோ என்றால் பிரிந்தது. அது சரி. ஆனால் பிரிந்தது பசை இல்லை, வஹீதா. ஃபியோரே. தோலின் மேல்படலமே கீழ்ப்பாகத்தை விட்டு எழும்பியிருக்கிறது. குற்றம் தோலில். ஒட்டியவர்கள் மேல் இல்லை. ரெனாத்தோ சொல்லிவிட்டு ராணிப்பேட்டையில் இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டார். புதன்கிழமை தான் திரும்புவார்.

மதியமே ஒட்டும் செக்‌ஷன் வேலுவையும் அவரோடு இருக்கும் பதின்மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடுவதாக இல்லை. புது ஆள் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. வேலு பத்தொன்பது வருஷமாகப் பசை டப்பாவோடு இருப்பவர். போகும்போது என் மேஜையில் ஒரு பூட்ஸை எடுத்து, சோலைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "பாரும்மா. வரலை. நான் இன்னா தப்பு பண்ணேன்?" அவருக்குப் பின்னால் அந்தச் செக்‌ஷன் பெண்கள் முந்தானையால் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே போனார்கள்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. உன் முகம் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலமே சில்வானாவுக்கு எழுதிக் கேட்டேன். சந்தேகமே இல்லை என்று பதில் வந்துவிட்டது. அந்தத் தோலை மேல்பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் பார், பெரிய பெரிய சுருக்கமாக விழும் என்றார். மடித்தேன். விழுந்தது.

புதன்கிழமை முதலாளி அப்துல் ஹமீத் சாயபுவும் வருகிறார். அன்றைக்கு நான் பேசுவேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஜெனிஃபா


பெங்களூர்
8.8.2005

ஜெனிஃபா,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். தமிழ் தெரியாதவர்கள் தான், ஆனால் என் முகம் படிக்கத் தெரிந்தவர்கள்.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். பாய்ஜான் இத்தாலியில் இருந்தது பதினோரு மாதம். ஏஜென்ட் சொன்ன ஷூ கம்பெனி வேலை அங்கே இல்லை. ஒரு குடோனில் மூட்டை தூக்கினார். கூட இருந்தவர்கள் பஞ்சாபிகளும் பங்களாதேஷ்காரர்களும். அங்கே அவர் பேசியதெல்லாம் நம் உருது தான். மீதி இரண்டு வருஷம் பம்பாயில் இருந்தார், வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு. ஊரில் எல்லோரும் மூன்று வருஷமும் இத்தாலி என்று நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை. அப்புறம் கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். 'இத்தாலி பாய்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரின் மேல் தான் என் கல்யாணம் நடந்தது.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. தெரிந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துச் சொல்வார். ஆறு வருஷம் அது ஓடிவிட்டது.

பேசாதே என்று எழுதத் தான் உட்கார்ந்தேன். ஆனால் முந்தானையில் பசையைத் துடைத்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருக்கிறாயே. என் அம்மாவும் அந்த வேலை செய்தவர் தான், மறந்துவிட்டாயா.

பேசு. ஆனால் முதலில் அவரிடம் போ. வீட்டுக்குப் போய் அவரிடம் சொல். எல்லோர் முன்னாலும் முதல் தடவையாக அவர் அதைக் கேட்கக் கூடாது.

வஹீதா


ஆம்பூர்
14.8.2005

அன்புள்ள வஹீதா,

உன் கடிதம் செவ்வாய் மதியம் வந்தது. சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். நீ எழுதியிராவிட்டால் போயிருக்க மாட்டேன்.

அம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் ஒரு தோல் துண்டைக் கையோடு கொண்டு போயிருந்தேன். மடித்துக் காட்டினேன். அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்தக்காத்தோன்னா பிரிஞ்சதுன்னு தான் அர்த்தம், ஜெனிஃபா. நான் தப்பா சொல்லலை."

"சரிதாண்ணா. இன்னா பிரிஞ்சதுன்றது தான் கேள்வி."

"ஃபியோரேன்னா பூ. பூட்ஸ்ல ஏது பூ? புரியலை. அதை விட்டுட்டேன்."

அவ்வளவு நேர்மையாக அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அந்த ஒரு வார்த்தையால பதினாலு பேர் வீட்ல இருக்காங்கண்ணா."

"தெரியும். வேலு வீட்டு வழியா தான் தினம் வர்றேன். இப்ப சுத்திக்கினு வேற வழில வர்றேன்." தோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆறு வருஷம் கழிச்சிப் போய் எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பேசறேன். இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

டீ ஆறிவிட்டது. நான் வந்துவிட்டேன்.

புதன்கிழமை சாம்பிள் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். ரெனாத்தோ பூட்ஸை எடுத்ததும் நான் முன்னால் போனேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் மறந்துபோயிற்று. வந்தது இவ்வளவு தான்: "நோன் லா கோல்லா. இல் ஃபியோரே. லா பெல்லே." பசை இல்லை. மேல்படலம். தோல்.

ரெனாத்தோ நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மடமடவென்று பேச ஆரம்பித்தார். பாதி புரிந்தது. அந்தப் பாதி போதும். தோலை மடித்தார், சுருக்கத்தை விரலால் காட்டினார், சோலைப் பிடித்து இழுத்து அது வரவில்லை என்று காட்டினார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

நிசார் அஹமதுக்குக் கோபம். "நீ செக்கர். உன் வேலையைப் பாரு. யார் உன்னைக் கேட்டது?" என்றார். ஹமீத் சாயபு கையை உயர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை. உன் அண்ணனைப் பார்த்துக் கேட்டார், "அஸ்பாக், இந்தப் பொண்ணு சொல்றது சரியா?"

வஹீதா, அந்த அறையில் என் இத்தாலி மொழி சரியா தப்பா என்று சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்.

"சரி சார். அவ சொல்றது தான் சரி. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. தெரியாம தான் சொல்லிட்டேன்" என்றார்.

ரெனாத்தோ ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை வேலுவும் மற்றவர்களும் வேலைக்கு வந்துவிட்டார்கள். அந்தத் தோல் முழுவதும் அதைப் பதனிட்ட டேனரிக்குத் திரும்பிப் போயிற்று. வேலு என் மேஜைப் பக்கம் வந்து, "அவங்க பேச்சுல பசைக்கு இன்னாம்மா பேரு?" என்றார். சொன்னேன். "கோல்லா, கோல்லா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

உன் அண்ணன் வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே நின்றுவிட்டார்.

எழுது.

ஜெனிஃபா


ஆம்பூர்
18.9.2005

அன்புள்ள வஹீதா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் சேர்ந்ததா என்று கேட்கவில்லை, சேர்ந்திருக்கும்.

ரெனாத்தோ வரும்போது என்னையே பேசச் சொல்லிவிட்டார் ஹமீத் சாயபு. அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்கு இதில் சந்தோஷம் இருக்காது. வேறு யார் சொல்லியோ நீ கேட்பதை விட நானே சொல்வது மேல்.

திட்டியாவது எழுது.

ஜெனிஃபா


பெங்களூர்
13.11.2005

ஜெனிஃபா,

ரம்ஜானுக்கு ஆம்பூர் வந்தேன். நான்கு நாள் இருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. உன் தெருமுனை வரை வந்து திரும்பினேன்.

நீ தப்பு செய்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன், இரண்டு வாரத்தில் சரியாகியிருக்கும். உன் மேல் தப்பு இல்லை. அதனால் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டிலேயே இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோல் வியாபாரத்தில் செய்தி எப்படியும் இங்கே வந்துவிடும், அதற்கு முன்னால் என் வாயால் வரட்டும் என்று. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இன்னும் என்னிடம் மறைத்தது என்னென்ன?" என்று கேட்டார். "இது ஒன்று தான்" என்றேன். "சரி" என்றார். மாமனார் இப்போது என்னை யாருக்கும் அறிமுகம் செய்வதில்லை. மாமியாரிடம் தான் பயந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆறு வருஷம் ஒருத்தனும் கண்டுபிடிக்கலையா? உன் அண்ணன் கெட்டிக்காரன் தான்" என்றார். கேலியா பாராட்டா என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

பாய்ஜான் இப்போது பேர்ணாம்பட்டில் ஒரு தோல் குடோனில் கணக்கு எழுதுகிறார். காலையில் தொழுகை முடிந்ததும் எங்கோ கிளம்பிப் போகிறார். அம்மாவிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர் கடை" என்றார்கள். நம்பவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பில்கிஸ் அக்கா கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். மூலையில் பாய்ஜான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொரு வயது, தாடியில் நரை. "என் பெயர் அஸ்பாக், நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்" என்று அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். அர்த்தம் பில்கிஸ் அக்கா தான் காதோடு சொன்னார். ஆரம்பப் பாடம். நான் படியிலேயே நின்று அழுதேன். கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

இன்னொன்றும் அம்மா சொன்னார்கள். செப்டம்பரில் அவர் வேலு வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று, "என்னால தான் உங்களை அனுப்பினாங்க" என்று சொல்லியிருக்கிறார். வேலு, "முதல்ல உக்காருங்க பாய்" என்று உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொன்னா போதாது. பதினாலு பேர் கிட்டயும் சொல்லணும். நான் கூட வர்றேன்" என்றாராம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலுவின் சைக்கிளுக்குப் பின்னால் தன் சைக்கிளில் போய் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடி போயிருக்கிறார்.

இதை எல்லாம் உனக்குச் சொல்லத் தோன்றியது. வேறு யாரிடம் சொல்வேன்.

வஹீதா


ஆம்பூர்
18.12.2005

அன்புள்ள வஹீதா,

தெருமுனை வரை வந்தாய் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் காலையில் வருகிறார், நான் சாயங்காலம் போகிறேன். நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை. ஆனால் பாடங்களை எல்லாம் ஒரு சிடியில் போட்டு பில்கிஸ் அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றாக இறங்கக் காத்திருக்க வேண்டாம் என்று. யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்றேன். அக்கா வாயில் எது நிற்கும்? மறுநாள் என் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'கிராத்ஸியே' என்று எழுதியிருந்தார். நன்றி. எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, திருத்தாமல் வைத்துக்கொண்டேன்.

ரெனாத்தோ ஜனவரி ஒன்பதாம் தேதி வருகிறார். போன மாதம் வந்தபோதே, "அஸ்பாக் எங்கே?" என்று கேட்டார். வேலையை விட்டுவிட்டார் என்றேன். ஏன் என்றார். அதை நான் சொல்வது முறையில்லை என்று சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் உங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாடு போடுவார்களாமே, அதை அவர் மறக்கவில்லை.

பக்ரீத் பதினொன்றாம் தேதி. அவரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வரச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கும் தெரியும்.

நீயும் பண்டிகைக்கு வருவாய். நான் அவரை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவேன். உள்ளே வர மாட்டேன். நான் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் என் முகத்தைத் தான் பார்ப்பார்கள், ரெனாத்தோ உட்பட. நீ கோபித்துக்கொள்ளாதே.

ஜெனிஃபா


பெங்களூர்
15.1.2006

அன்புள்ள ஜெனி,

நீ வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பிப் போனதற்கு அம்மா இன்னும் உன் மேல் கோபமாக இருக்கிறார்கள். மறுநாள் நீ வந்து மூன்று தட்டு சாப்பிட்டதில் பாதிக் கோபம் போயிற்று. நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுததில் உள்ளே நடந்ததை நான் சரியாகச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ரெனாத்தோ உள்ளே வந்து பாய்ஜானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாய்ஜான் அவரை உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார். முன்னாலேயே எழுதித் தயார் செய்திருக்கிறார், சட்டைப் பையிலிருந்து காகிதம் எட்டிப் பார்த்தது. ஆனால் அதை எடுக்கவில்லை. திக்கித் திக்கிச் சொன்னார். நானும் அம்மாவும் திரைக்குப் பின்னால் நின்றோம். ஒரு வார்த்தையும் எங்களுக்குப் புரியவில்லை. 'வேலு' என்ற பெயர் மட்டும் புரிந்தது. அதை இரண்டு தடவை சொன்னார்.

ரெனாத்தோ சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று. ஏதோ வேகமாகக் கேட்டார். பாய்ஜான் இப்போது தலையாட்டிவிடுவார், ஏதாவது ஊகித்துச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"நோன் கபீஸ்கோ" என்றார். "ரிபேத்தா."

அர்த்தம் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள்.' ரெனாத்தோ மெதுவாகத் திரும்பச் சொன்னார். அதிலும் பாதி புரியவில்லை போல. மறுபடி, "நோன் கபீஸ்கோ." ரெனாத்தோ உப்பு டப்பாவையும் எலுமிச்சைத் துண்டையும் நகர்த்தி வைத்துச் சொன்னார். அப்போது பாய்ஜான் தலையாட்டினார், பதில் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி, "பதினாலு பேரை வீட்டுக்கு அனுப்பினது அவருக்குத் தெரியவே தெரியாதாம். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ராணிப்பேட்டைல இருந்து திரும்பி வந்திருப்பேன்றார். இப்ப அவங்களைப் பாக்கணும்னு சொல்றார்" என்றார்.

அப்புறம் தான் பாய்ஜான் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டார்கள். அந்த மனிதர் பேசுவதைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி, 'புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று பாய்ஜான் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன். பதினோரு தடவை. முதல் இரண்டு தடவை குரல் நடுங்கியது. கடைசியில், தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடி கேக்கறான், இவ்ளோ தைரியமா?" என்றார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வேலு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ரெனாத்தோ பாய்ஜானின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

வஹீதா